பச்சையை இழந்த பாசி

வன்னியிலே சோளகக் காற்று வீசி, கனகராயன் ஆற்றின் ஓட்டம் அறுந்து, மணற்படுகையில் ஆங்காங்கே குட்டைகள் மட்டும் எஞ்சி நிற்கும் காலத்தில், மாடுகள் இறங்கிக் கலக்கிய நீரில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குவோர்க்கு யூகிளினா என்னும் ஒருகல ஜீவன் தென்படுதல் கூடும். உடலை நீட்டியும் சுருக்கியும் சவுக்குமுளையைச் சுழற்றியும் நீந்துவதால் விலங்கென்றும், பச்சையவுருமணிகளைக் கொண்டு சூரிய ஒளியில் தானே உணவு ஆக்கிக்கொள்வதால் தாவரமென்றும் இரு சாராராலும் உரிமை கொண்டாடப்பட்ட இவ்வுயிரின் முன்முனையருகே, ஒளி வரும் திசையை அறிவதற்குத் துணையாகச் செந்நிறக் கட்பொட்டு ஒன்றும் உண்டு.

இக்குலத்தில் ஒருவகை, வெயில் ஏறும்போது தன்னுள் இருக்கும் செந்நிற மணிகளை உடலின் ஓரமெங்கும் பரப்பி, வெயில் தாழ்ந்ததும் அவற்றை நடுவே ஒடுக்கிக்கொள்ளும். ஆதலால் நண்பகலில் இரத்தவர்ணமாய் இருந்த குட்டை அந்தியில் பச்சையாகிவிடும். குளத்தில் இரத்தம் கண்டதென்று அஞ்சுவோர் மாலைவரை பொறுத்திருந்தாற் போதும். இங்கே பச்சை மறைகிறதேயன்றி அழிவதில்லை.

அழிவது வேறு விதம். யூகிளினாவை இருட்டில் வைத்துச் சேதன உணவு ஊட்டி வளர்த்தால், பச்சையவுருமணிகள் சுருங்கி நிறமிழந்து போகும். மீண்டும் ஒளிபட்டால் மூன்று நான்கு நாளில் பழைய பசுமை திரும்பிவிடும். ஆனால் 1948ஆம் ஆண்டில் புரொவசோலி, ஹட்னர், ஷாட்ஸ் என்னும் மூவர், சயரோகத்துக்கு அருமருந்தாய் அப்போது புதிதாக வந்திருந்த ஸ்ரெப்ரோமைசினை இவ்வுயிருக்கு இட்டுப் பார்த்தபோது தோன்றிய வெண்ணிறச் சந்ததி, மருந்தை நீக்கி ஒளியில் வைத்த பின்னும் பச்சைக்குத் திரும்பவேயில்லை. பச்சையவுருமணி ஆதியில் தனித்து வாழ்ந்த ஒருவகை நீலப்பச்சைப் பற்றீரியாவின் வழிவந்தது. அதனால் பற்றீரியாவின் புரத ஆக்கத்தைக் குலைக்கும் மருந்து அதனையும் தாக்குகிறது. கலம் மட்டும் தடையின்றிப் பிரிந்துகொண்டே போக, பெருகாத முதுசக் காணி பேரப்பிள்ளைகளுக்குள் பங்குபட்டுத் தேய்ந்தொழிவதுபோல, பச்சையவுருமணியும் சில தலைமுறைகளில் இல்லாதொழிகிறது. அப்படியும் சேதன உணவு கிடைக்கும்வரை யூகிளினா சாவதில்லை.

இந்த ஆராய்ச்சி வன்னி மக்களுக்கு எவ்வகையில் உறவுடையதெனில், ஆற்றுமணலில் தேங்கும் அதே குட்டைகளுள் தெளிந்த நீரும் வெயிலும் வாய்த்தவற்றிலேதான், இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் நுளம்பு முட்டையிட்டது. அந்நோயின் கிருமியாகிய பிளாஸ்மோடியமும் பாசியின் அம்சம் உடையதே! அதன் கலத்துள் நான்கு சவ்வுகள் சூழ்ந்த சிற்றுறுப்பு ஒன்று இருப்பதையும், முப்பத்தையாயிரம் எழுத்தளவான தனக்குரிய மரபுப்பொருளை அது இன்னும் வைத்திருப்பதையும் 1996ஆம் ஆண்டளவில் விஞ்ஞானிகள் தெளிந்தனர். யுகாந்தரங்களுக்கு முன் அதன் மூதாதை விழுங்கிய பாசியொன்றின் பச்சையவுருமணியே அது. நிறம் போய், ஒளியால் உணவாக்கும் தொழிலும் போய், உயிருக்கு இன்றியமையாத சில மூலப்பொருள்களை ஆக்கும் தொழில் மாத்திரம் அதனிடம் எஞ்சியிருக்கிறது.

அத்தொழிலின்றிக் கிருமி வாழாது. டொக்சிசைக்கிளின் என்னும் மருந்து அச்சிற்றுறுப்பைக் கெடுக்கையில், மருந்துண்ட கிருமி உடனே மாளாமல், அதன் அடுத்த தலைமுறையே மாள்கிறது. வெளிறிய யூகிளினா பிழைத்துக்கொள்ள, குருதியிலே வயிறார உண்ணும் இக்கிருமி மடிவதைக் காணும்போது, ஒரே வகை உறுப்பின் இழப்பு ஓருயிர்க்கு நிறமிழப்பாயும் மற்றோருயிர்க்கு உயிரிழப்பாயும் முடிகிறது என்பது ஐயமறத் துலங்குகிறது.

இலங்கையில் 1963இல் பதினேழு நோயாளர் என்ற அளவுக்கு ஒடுங்கிய மலேரியா, கவனம் தளர்ந்தபோது சில ஆண்டுகளில் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. உள்நாட்டில் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளர் 2012இல் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. நுளம்பு இன்னும் நம்மிடையே இருக்கின்றது. ஆகையால் இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ சென்று திரும்பியவர்க்குக் காய்ச்சல் கண்டால், தாமதியாது அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, பயண விவரத்தைச் சொல்லி, மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்வித்துக்கொள்வாராக.