வன்னியைக் கடப்பவரும் காண்பவரும்

யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியே கொழும்புக்குச் செல்லும் தமிழர் யாவரும் வன்னியைக் கடக்கின்றனர். வன்னிக்கென்றே செல்பவரோ மிகச் சிலர். ஆனையிறவின் உவர்வெளி கழிந்ததும் கிளிநொச்சி, அதன்பின் முறிகண்டி. அங்கே வண்டி நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் பொதியொன்றும் வாங்கிக்கொண்டு ஏறினால், வவுனியா வரையில் இரு மருங்கும் காடு, பயணிக்கு உறக்கம். தெற்கிலிருந்து வந்த இருப்புப்பாதை 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தோடு இணைந்த நாள்முதல், வன்னி நம்மிற் பலருக்கு இடைவழியாகவே இருந்து வந்துள்ளது. மொழி ஒன்று, வணங்கும் தெய்வங்களும் ஒன்று; ஆயினும் இலண்டன் மாநகரின் தெருக்களை அறிந்த அளவுக்கு ஒட்டுசுட்டானை நாம் அறியோம்.

அவசரமாகச் செல்வோர்க்கு இந்நிலம் தன்னைக் காட்டுவதில்லை என்பதற்குப் பழைய சான்றும் உண்டு. 1660ஆம் ஆண்டில் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1679இல் தோழன் ஒருவனுடன் தப்பியோடினான். அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றை ஒட்டிய காட்டினூடே நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தரை அடைந்தான். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூலில், இப்பயணத்தைக் கூறும் பகுதியிலே காடு உண்டு, யானை உண்டு, அச்சம் உண்டு. ஊராரின் வாழ்வு அரிதாகவே உண்டு. ஒளிந்து செல்பவனுக்கு ஊரார் எங்ஙனம் புலப்படுவர்? இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அரச அலுவலராக வந்த ஜே. பி. லூயிஸ், வன்னி மாவட்டங்களைப் பற்றிய ஆங்கிலக் கைந்நூலை 1895இல் வெளியிட்டார். ஆட்சியாளரின் கண்கொண்டே அவர் பார்த்தார் எனினும், குளங்களையும் ஊர்களையும் பொறுமையுடன் பதிவுசெய்தார். ஓடியவன் கண்டது காடு; தங்கியவர் கண்டது நாடு.

மாங்குளத்தில் நெடுஞ்சாலையை விட்டு முல்லைத்தீவை நோக்கிக் கிழக்கே திரும்பும் சாலை ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமுடையது. அந்த ஐம்பதில் நான் உற்ற இடர்கள் பல. ஒட்டுசுட்டானில் பேருந்துக்காகக் காத்திருந்தது மாத்திரம் இரண்டரை மணிநேரம். எப்போது வரும் என்று வினவினால், 'வரும்' என்பதே விடை. கிளைவழியொன்றில் நடந்து தொலைவைக் கேட்டால், 'ஒரு கட்டைதான் தம்பி' என்பர். அந்தக் கட்டையோ நடக்க நடக்க நீளும். குளத்தின் பெயரே ஊரின் பெயர். ஒரே பெயருடைய குளங்களோ பல. மரங்கள் பார்வையை மறைக்கும் அந்தச் சமதரையில், ஏறிநின்று திசை காண ஒரு குன்றும் இல்லை. வைகாசி வெயிலில் இவையனைத்தும் சேர்ந்தால், எவருக்கும் 'ஏன் புறப்பட்டோம்' என்று தோன்றாமற் போகாது.

ஆயினும் அந்தக் காத்திருப்பே எனக்கு ஓர் ஆசிரியரைத் தந்தது. பேருந்து நிற்குமிடத்தில் அருகே அமர்ந்திருந்த முதிய கமக்காரர், 'ஊரைப் பார்க்க முதல் பேரைக் கேளுங்கோ தம்பி' என்று தொடங்கினார். ஆழ்ந்து நீர் நிற்குமிடம் மடு. சிறிய நீர்நிலை மோட்டை. அணை உடைந்த குளம் முறிப்பு. மரமடர்த்தி நீங்கி விரிந்து கிடக்கும் வெளி பரந்தன். துருசு திறக்கும் நாளை அவர் திருநாளைப்போல் சொன்னார். குளம் வான் பாய்ந்த ஆண்டுகளைக் கொண்டே தம் பிள்ளைகளின் வயதைக் கணித்தார். அதுவரை எனக்கு வெறும் ஒலிகளாக இருந்த ஊர்ப்பெயர்கள், அதன்பின் நிலத்தின் வரலாறாகக் கேட்டன. எந்த ஊரில் நீர் நின்றது, எந்த ஊரில் அணை உடைந்தது என்று பெயர்ப்பலகைகளே கூறின. பேருந்து குறித்த நேரத்தில் வந்திருந்தால் இக்கல்வி எனக்கு வாய்த்திராது.

முள்ளியவளையைத் தாண்டினால் நந்திக்கடலோரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இங்குண்டு. அதே கடலோரத்தை 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அழித்தது. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்காலில், 2009 மே மாதத்தில், எண்ணற்ற உயிர்களை உண்டபின் போர் முடிந்தது. அப்பகுதியில் ஒரு வீட்டு முற்றத்தில் இருந்தபோது, அந்த நாள்களைப் பற்றி நான் வினவினேன். வீட்டுக்கார அம்மா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், 'அதை விடுங்கோ தம்பி, தேத்தண்ணி ஆறுது' என்றார்.

பயணி எதிர்கொள்ளும் இடர்களுள் இதுவே பெரிது. வழி தவறினால் மீளலாம். வண்டி தவறினால் அடுத்த வண்டி வரும். மூடிய வாயின் முன் அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தொலைவு கடந்து வந்தமையால் யாவும் தனக்குச் சொல்லப்பட வேண்டும் என்று அவன் எண்ணுதல் தகாது. ஊரார் தருவதைப் பெற்றுக்கொள்ளலும், தராததைக் கேளாதிருத்தலும் விருந்தினன் கடன். அந்தத் தேநீரை நான் ஆறுமுன் குடித்தேன். அதன்பின் அவர் தம் தோட்டத்து மரவள்ளியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

மாணவரை வன்னிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரே நாளில் ஒன்பது இடங்களைக் காட்டி, ஒவ்வொன்றின் முன்னும் படம் பிடித்துத் திரும்பாதீர்கள். ஒரு குளக்கட்டைத் தேர்ந்து, ஒரு மாலைப்பொழுது அவர்களை அங்கே இருத்துங்கள். அவ்வழியே மாடு சாய்த்துச் செல்பவரிடம் அக்குளத்தின் பெயர்க் காரணத்தை மாணவரே கேட்கட்டும். விடை வரத் தாமதமாகலாம். அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டு செல்லுங்கள்.