இரத்தம் கூடினால் நல்லதா? ஜாக்2 பரிசோதனை பற்றி அறிவோம்

"இரத்தம் குறைவு" என்று வைத்தியர் சொன்னால் நாம் கவலைப்படுகிறோம். கூடுதலாக இருந்தால் "நல்ல இரத்தம்" என்று மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறோம். ஆனால் ஈமோகுளோபின் அளவு ஆண்களில் லீற்றருக்கு 165 கிராமுக்கும் பெண்களில் 160 கிராமுக்கும் மேலாகத் தொடர்ந்து இருந்தால், அதற்கான காரணத்தைத் தேட வேண்டும்.

புகைத்தல், நுரையீரல் நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், உடலில் நீர் குறைதல் ஆகியவை வழமையான காரணங்கள். சிலருக்கு மட்டும் என்பு மச்சை கட்டுப்பாடின்றிச் செங்குழியங்களை உற்பத்தி செய்யும். இந்நோய் பொலிசைத்தீமியா வேரா எனப்படும். இதனைப் பிரித்தறிய உதவுவதே ஜாக்2 பரிசோதனை.

ஜாக்2 என்றால் என்ன?

குருதி உற்பத்திக்கும் நோயெதிர்ப்புக்கும் உரிய செய்திகளைக் கலத்தின் மேற்பரப்பிலிருந்து உள்ளே கடத்தும் நொதியம் இது. 2005 ஆம் ஆண்டு பாசலில் பேராசிரியர் ராடெக் ஸ்கோடாவின் குழுவும், பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழுக்களும் இந்நொதியத்தின் மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டறிந்தன. நொதியத்தின் 617 ஆவது இடத்தில் வலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் பினைல்அலனின் அமைந்துவிடுகிறது. இதனால் செய்தி வராமலே நொதியம் வேலை செய்துகொண்டிருக்கும்.

இந்நோயாளர் 100 பேரில் ஏறத்தாழ 95 பேரிடம் இம்மாற்றம் உண்டு. புகைத்தலால் இரத்தம் கூடியவரிடம் பொதுவாக இது இராது. எனவேதான் இது நோயின் அடையாளமாகப் பயன்படுகிறது. கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு குருதியே இப்பரிசோதனைக்குப் போதும்.

பரம்பரை நோயா?

"மரபணு" என்றதும் பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று அஞ்சி நோயை மறைப்பவர்கள் எம்மிடையே உண்டு. இந்த அச்சம் தேவையற்றது. இம்மாற்றம் பிறப்பிலேயே வருவதன்று. வாழ்நாளில் என்பு மச்சையின் ஒரு கலத்தில் ஏற்பட்டு, அக்கலத்தின் வழியில் பெருகுவது. பிள்ளைகளுக்கு இது கடத்தப்படுவதில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மேல் இந்நோய் வருவது அரிது.

மறைப்பதே ஆபத்து. தடித்த குருதி உறைந்தால் பாரிசவாதமோ மாரடைப்போ ஏற்படலாம். குருதியை இடைக்கிடை வெளியேற்றுவதும் குறைந்த அளவு அஸ்பிரினும் அடிப்படைச் சிகிச்சைகள். சிலருக்கு வேறு மருந்துகளும் தேவைப்படும். குருதியில் செங்குழியங்களின் பங்கை 45 வீதத்துக்குக் கீழ் வைத்திருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும் என்பதை 2013 இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது.

கவனிக்க வேண்டியவை

சுடுநீரில் குளித்தபின் உடல் அரிப்பு, தலையிடி, தலைச்சுற்று, கால்விரல்களில் எரிவு. முகம் சிவத்தலும் ஓர் அறிகுறிதான். எமது நிறத்தில் அது எளிதில் தெரியாது.

இந்நோய் பெரும்பாலும் 60 வயதையொட்டி வெளிப்படுகிறது. 1980களில் இளைஞராகச் சுவிசுக்கு வந்த எம்மவர் இன்று அந்த வயதில் இருக்கின்றனர். உங்கள் பழைய குருதி அறிக்கைகளை எடுத்துச் சென்று குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். அஸ்பிரினை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.