கடவுளின் சிட்சையும் கிறிஸ்தவ ஆன்மிக வளர்ச்சியும்: ஒரு நோக்கு

கடவுள் தம் மக்களைக் கண்டித்துத் திருத்துகிறார் என்பதும், அத்திருத்தத்தை ஏற்பவரே ஆன்மிகத்தில் முதிர்கின்றனர் என்பதும் கிறிஸ்தவ மரபின் அடிப்படைக் கருத்துக்களுட் சில. நடைமுறையில் இவை பெரும்பாலும் ஒரே வகையிலேயே பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. நோயுற்றவனுக்கும் வறியவனுக்கும், அவன் படும் துன்பம் கடவுள் தந்த பாடமென்றும் அதனை முறையீடின்றி ஏற்கவேண்டுமென்றும் உபதேசிக்கப்படுகிறது. சமயத்தை விமரிசன நோக்கில் அணுகுவோர் இக்கருத்தை ஒடுக்கப்பட்டோரைப் பணியவைக்கும் கருவியாகக் காண்பதற்கு இதுவே காரணம். அவர்களது குற்றச்சாட்டு ஆதாரமற்றதென்று கூறுதல் இயலாது. எனினும், மூலநூல்கள் இதைத்தான் கூறுகின்றனவா, திருத்தம் யாரை நோக்கி வருகிறது, அதனை ஏற்றல் என்பதன் பொருள் யாது என்னும் வினாக்கள் தனித்து ஆராயப்படவேண்டியவை. அவற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். பழைய ஏற்பாட்டில் இக்கருத்தைச் சுட்டும் எபிரேயச் சொல் 'மூசார்' என்பது. கற்பித்தல், கண்டித்தல், தண்டித்தல் என்னும் மூன்று பொருளும் அதில் அடங்கும். கிரேக்கத்தில் அமைந்த எழுபதின்மர் மொழிபெயர்ப்பு அதனைப் 'பைதெயா' எனப் பெயர்த்தது. 'பிள்ளை' எனப் பொருள்படும் சொல்லினடியாகப் பிறந்த இது, கிரேக்க உலகில் ஒருவனை முழுமனிதனாக உருவாக்கும் கல்வி அனைத்தையும் குறித்தது. தமிழ் விவிலியத்தில் நெடுங்காலமாக வழங்கும் 'சிட்சை' என்ற சொல்லும் இத்தகையதே. கல்வியைக் குறிக்கும் வடசொல்லினின்று வந்த அச்சொல், தமிழில் கற்பித்தலையும் தண்டனையையும் ஒருங்கே உணர்த்துகிறது. ஆயின் இன்று அதனைக் கேட்போர் செவியில் தண்டனைப் பொருளே மேலோங்கி ஒலிக்கிறது. கருத்தின் திரிபு சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.

இத்திரிபுக்குப் பழைய சான்றொன்று உண்டு. நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தின் 12ஆம் வசனத்தில், கடவுள் தாம் நேசிப்பவரைக் கண்டிப்பதை எபிரேய மூலம் ஒரு தந்தை தனக்கு உவப்பான மகனைக் கண்டிப்பதற்கு ஒப்பிடுகிறது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பிலோ தந்தை என்ற உவமை மறைந்து, தாம் ஏற்கும் மகனை அவர் சவுக்கால் அடிக்கிறார் என்ற கருத்து வந்துவிடுகிறது. 'தந்தையைப் போல' என்னும் எபிரேயத் தொடரின் எழுத்துக்களைச் சிறிது மாற்றி வாசிப்பின் 'நோவுறச் செய்கிறார்' எனப் பொருள்படும். மொழிபெயர்ப்பாளர் அவ்வாறே வாசித்திருக்கக்கூடும் என்பர் ஆய்வாளர். அன்பின் உவமை ஓரெழுத்து மாற்றத்தாற் சவுக்காக மாறியமை சிந்திக்கத்தக்கது.

புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் இக்கிரேக்க வடிவத்தையே எடுத்தாள்கிறது. ஆயினும் அது யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதை மறந்து அதனை விளங்கிக்கொள்ள முடியாது. அதன் வாசகர் தம் நம்பிக்கையின் பொருட்டு இகழப்பட்டோர், உடைமை பறிக்கப்பட்டோர், சிறையிலிருந்தோரோடு துன்பத்தைப் பகிர்ந்துகொண்டோர். இவற்றைப் பத்தாம் அதிகாரம் தெளிவாகக் கூறுகிறது. பன்னிரண்டாம் அதிகாரமோ ஓட்டப்பந்தய உவமையுடன் தொடங்கி, பயிற்சிக்களத்துக்குரிய சொல்லையே கையாண்டு, பயிற்சி பெற்றவருக்கு நீதியாகிய கனி கிடைக்கும் என முடிவுகாட்டுகிறது. தொடர்ந்து, தளர்ந்த கைகளையும் தள்ளாடும் முழங்கால்களையும் நிமிர்த்தும்படி வேண்டுகிறது. பணிந்து கிடப்பவனுக்குரிய அறிவுரையாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. எதிர்ப்பின் நடுவே களைத்துப்போனவர் மீண்டும் எழுந்து ஓடுவதற்கான ஊக்கமே இது. துன்பத்தின் பயன் நீதி என்ற அளவுகோலால் இங்கு அளக்கப்படுவது குறிப்பிடத்தக்கது.

இக்கருத்தின் தவறான பயன்பாட்டையும் விவிலியமே கண்டிக்கிறது. பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் யோபுவிடம் அவனது நண்பன் எலிப்பாசு, கடவுளின் சிட்சையை அலட்சியம் செய்யாதே என்கிறான். நீதிமொழிகள் கூறும் கருத்தும் ஏறத்தாழ இதுவே. ஆனால் நூலின் இறுதியிற் கடவுள், எலிப்பாசும் அவனது தோழர் இருவரும் தம்மைக் குறித்துச் சரியானவற்றைப் பேசவில்லை என்று சினங்கொள்கிறார். முறையிட்டு வழக்காடிய யோபுவே சரியாகப் பேசியவன் என்று தீர்ப்பாகிறது. ஒரே கோட்பாடு, துன்புறுபவன் தானாக உணரும்போது உண்மையாகவும், துன்புறாதவன் பிறனுக்கு விதிக்கும்போது பொய்யாகவும் ஆகிவிடுகிறது. சிட்சை என்பது தன்மையிடத்திற் பேசப்படவேண்டிய மொழி. முன்னிலையிடத்தில் அது வன்முறையாகிவிடும்.

அவ்வாறாயின் பிறர் வாயிலாகத் திருத்தம் வருவதேயில்லையா? வருவதுண்டு, ஆனால் அதன் திசை வேறு. உரியாவின் மனைவியைக் கவர்ந்து அவனைப் போர்முனையிற் கொல்வித்த தாவீது அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்லுகிறார். அச்செல்வன்மீது சினந்து தீர்ப்பளித்த அரசன், தானே அவன் என்று அறிந்ததும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அந்தியோக்கியாவில், புறவினத்தாருடன் உண்டுவந்த பேதுரு, சிலருக்கு அஞ்சி அப்பந்தியினின்று விலகியபோது பவுல் அவரை வெளிப்படையாகவே கண்டித்தார். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கண்டனம் அதிகாரமுடையவரை நோக்கியே செல்கிறது. நாத்தானின் கதையில் நடுவே நிற்பவன் உடைமையிழந்த ஏழை. அந்தியோக்கியாவிலோ பந்தியிற் புறக்கணிக்கப்பட்டவர்.

அந்தியோக்கியாவின் பந்திப் பிரச்சினை தென்னாபிரிக்காவில் மீண்டும் எழுந்தது. அங்குள்ள ஒல்லாந்து சீர்திருத்தத் திருச்சபையின் கேப் பேரவை 1857இல் ஒரு தீர்மானம் செய்தது. சுதேச விசுவாசிகளை வெள்ளையரின் சபைகளிலேயே சேர்த்துக்கொள்வது விவிலியத்துக்கு இசைவானது என்று அது ஒப்புக்கொண்டது. ஆயினும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு அவர்களுக்குத் தனியான வழிபாட்டிடம் அமைக்கலாமென இடமளித்தது. பலவீனத்துக்குக் காட்டிய சலுகை காலப்போக்கிற் கோட்பாடாயிற்று. 1881இல் கலப்பினத்தாருக்கெனத் தனித் திருச்சபை நிறுவப்பட்டது. 1948இல் நிறவொதுக்கல் அரச கொள்கையானபோது அதற்குச் சமய நியாயம் வழங்குவோர் அத்திருச்சபையில் இருந்தனர்.

திருத்தம் பலமுறை வந்தது, பலமுறை மறுக்கப்பட்டது. 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் 69 பேர் பொலிசாராற் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் யொகன்னஸ்பேர்க்கின் கொட்டஸ்லோவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் ஆதரவிற் கூடிய மாநாடு, கலப்பு மணத்தைத் தடுக்க விவிலிய ஆதாரம் இல்லையென்றது. மக்கள் தாம் வாழும் இடத்தில் நிலம் வைத்திருக்கவும் ஆட்சியிற் பங்குபெறவும் உரிமையுடையர் என்றும் அது அறிவித்தது. ஒல்லாந்து சீர்திருத்தத் திருச்சபையின் பிரதிநிதிகளும் இதற்குப் பெருமளவில் உடன்பட்டனர். பிரதமர் வெர்வூட் வெகுண்டார். பேரவைகள் தம் பிரதிநிதிகளின் உடன்பாட்டையே நிராகரித்து, மன்றத்தினின்றும் விலகின.

தம் நிலையினின்று மாற மறுத்தவர் பெயெர்ஸ் நோடே. ஆபிரிக்கானர் இரகசியச் சங்கமான புறூடர்பொண்டின் நிறுவனருள் ஒருவருடைய மகன் அவர். தாமும் அதன் உறுப்பினர். திருச்சபையில் உயர்பதவி வகித்தவர். 1963இல் அச்சங்கத்தையும், தம் பிரசங்க பீடத்தையும் துறந்து கிறிஸ்தவ நிறுவகத்தின் பணிப்பாளரானார். 1977இல் அந்நிறுவகம் தடைசெய்யப்பட்டது. அவர்மீதான தடையுத்தரவு 1984 வரை நீடித்தது. சிட்சையை ஏற்றல் என்பது தன் வர்க்கமும் இனமும் தந்த பாதுகாப்பை இழக்க உடன்படுதலே என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

1982இல் ஒட்டாவாவிற் கூடிய சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஒன்றியம், நிறவொதுக்கலுக்குச் சமய நியாயம் கற்பித்தலைப் பேதகம் என அறிவித்து, ஒல்லாந்து சீர்திருத்தத் திருச்சபையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. அதே ஆண்டில், 1881இல் ஒதுக்கிவைக்கப்பட்ட கலப்பினத்தாரின் திருச்சபை பெல்ஹார் அறிக்கையை வரைந்தது. 1986இல் அதனை ஏற்றது. அநீதிக்குள்ளானோரின் பக்கத்திற் கடவுள் நிற்கிறார் என்று கூறும் அவ்வறிக்கையோடு ஒரு கடிதமும் இணைக்கப்பட்டது. நற்செய்திக்கு மாறான மனப்பாங்கு தம் அனைவரிடத்தும் உண்டென அக்கடிதம் ஒப்புக்கொள்கிறது. பிறரைத் திருத்த முனைந்தோர் தம்மையும் அதே திருத்தத்துக்கு உட்படுத்தியமையே இதன் சிறப்பு. எலிப்பாசிடம் இல்லாதிருந்தது இதுவே.

1990 நவம்பரில் ருஸ்டன்பேர்க் மாநாட்டில் ஸ்டெலன்பொஷ் இறையியலாளர் வில்லி யொன்கர், தம் பேரிலும் தம் திருச்சபையின் பேரிலும் குற்றத்தை அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ மன்னிப்பை அறிவித்தார். இழந்த நிலமும் உரிமையும் மீளாத நிலையில் மன்னிப்பு இத்துணை எளிதாகலாமா என்ற வினாவும் உடன் எழுந்தது. அவ்வினா நியாயமானது. எபிரெயர் நிருபம் கூறும் கனி நீதியாதலின், கண்ணீரோடு முடியும் அறிக்கை பாதிவழியே வந்ததாகும். பெல்ஹார் அறிக்கையைத் தன் விசுவாச அடிப்படையிற் சேர்த்துக்கொள்ள வெள்ளையர் திருச்சபையிற் பின்னர் நிகழ்ந்த முயற்சி போதிய ஆதரவு பெறாமற் போனமையையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

மேற்கூறியவற்றால், சிட்சையை ஏற்றல் என்னும் கிறிஸ்தவக் கருத்தை மதிப்பிடுதற்குச் சில அளவுகோல்கள் புலனாகின்றன. அதைப் பேசுபவர் தம்மையும் அதற்கு உட்படுத்துகிறாரா? அது அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறதா, துன்புறுவோரை மௌனமாக்குகிறதா? அதன் விளைவாக உறவுகளும் உடைமைகளும் உரிமைகளும் நேராகின்றனவா? இவ்வினாக்களுக்கு நிற்காத உபதேசம், எத்துணைப் பக்தியுடன் கூறப்படினும், எலிப்பாசின் உபதேசமே. அவற்றுக்கு நிற்பதோ, நம்பிக்கையில்லாதோரும் மதிக்கவேண்டிய ஒழுக்க ஆற்றலாகும். ஏனெனில் தன் தவற்றைப் பிறர் சொல்லக் கேட்டு மாறுதல் தனிமனிதருக்கும் சமூகத்துக்கும் ஒருங்கே அரிதான செயல்.