‘ஐயோ பாவம்’ என்றால் மட்டும் போதுமா? கருணையும் சமநிலையும் பழகும் வழி

தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல் அடிக்கடி பயணிப்பவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லாரிகள் சரிவில் இறங்கும்போது கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் போகும் வண்டிகள் மீது மோதும் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன.

அப்படி ஒரு விபத்து நடந்த இடத்துக்கு மூன்று பேர் பைக்கில் வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் மொபைலை எடுத்து வீடியோ பிடிக்கிறார். ‘இங்க டெய்லி நடக்குறதுதானே’ என்று கிளம்பிவிடுகிறார். இரண்டாமவருக்கு ரத்தத்தைப் பார்த்ததுமே கைகால் நடுங்குகிறது. ஓரமாக உட்கார்ந்து அழுகிறார். அதன் பிறகு இரண்டு நாள் அவருக்குத் தூக்கமே இல்லை. மூன்றாமவருக்கும் மனம் பதறத்தான் செய்கிறது. ஆனாலும் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டு, 108க்கு அழைக்கிறார். பின்னால் வரும் வண்டிகளுக்குச் சைகை காட்டச் சொல்லி ஒருவரை நிறுத்துகிறார். ரத்தம் வழியும் இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடிக்கிறார்.

முதலாமவரிடம் பதற்றம் இல்லை, இரக்கமும் இல்லை. இரண்டாமவரிடம் இரக்கம் இருக்கிறது, நிதானம் இல்லை. மூன்றாமவரிடம் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. இது பிறவியிலேயே வரும் குணமா? இல்லை, பழகினால் வரும் என்பதுதான் யோக மரபும் பௌத்த மரபும் சொல்லும் பதில்.

அந்த நான்கு குணங்கள்

யோகா என்றதும் நமக்கு மேட் விரித்துச் செய்யும் ஆசனங்கள்தான் நினைவுக்கு வரும். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் 195 சொச்சம் சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆசனத்தை நேரடியாக விளக்குபவை மூன்றுதான். மனம் தெளிவடைய அவர் சொல்லும் வழிகளில் ஒன்று, முதல் பாதத்தின் 33ஆவது சூத்திரத்தில் இருக்கிறது. இன்பமாக இருப்பவரிடம் நட்பு (மைத்ரி), துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரைப் பார்த்து மகிழ்ச்சி (முதிதா), தீமை செய்பவரிடம் சமநிலை (உபேக்ஷா) ஆகியவற்றை வளர்க்கச் சொல்கிறார்.

பௌத்தத்தில் இதே நான்கும் பாலி மொழியில் மெத்தா, கருணா, முதிதா, உபெக்கா என்று அழைக்கப்படுகின்றன. நான்கும் சேர்ந்து ‘பிரம்ம விகாரம்’. ஒரு வித்தியாசம் உண்டு. பதஞ்சலி ஒவ்வொரு வகை மனிதருக்கும் ஒரு குணத்தைப் பொருத்துகிறார். பௌத்தமோ நான்கையும் எல்லா உயிர்களிடமும் விரிக்கச் சொல்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. திருக்குறளில் ‘அன்புடைமை’ இல்லறவியலில் வருகிறது. ‘அருளுடைமை’ துறவறவியலின் முதல் அதிகாரம். அன்பு நம்மவரிடம் பிறப்பது. அருள் யாரென்று பார்க்காமல் எல்லா உயிரிடமும் காட்டுவது. அன்பை அருளாக வளர்ப்பதற்குத்தான் இந்தப் பயிற்சி.

போலிகளிடம் கவனம்

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய ‘விசுத்திமக்கம்’ இந்த நான்கையும் விரிவாக விளக்கும் நூல். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு ‘தூரத்து எதிரி’யும் ஒரு ‘பக்கத்து எதிரி’யும் உண்டு என்கிறார் அவர். கருணைக்குத் தூரத்து எதிரி கொடூரம். அதை யாரும் எளிதாக அடையாளம் கண்டுவிடலாம். பக்கத்து எதிரி, கருணை போலவே தோற்றம் தரும் துக்கம். அதாவது அடுத்தவர் வலியில் நாமும் மூழ்கிப்போவது. தொப்பூரில் அழுத இரண்டாமவரின் நிலை இதுதான்.

சமநிலையின் பக்கத்து எதிரி, அறியாமையில் வரும் அலட்சியம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அமைதிதான். ‘நமக்கென்ன வந்தது’ என்று கிளம்பிய முதலாமவர் அதற்கு உதாரணம்.

இந்தப் பழைய பகுப்புக்கு இன்றைய மூளை ஆய்விலும் ஓர் இணை இருக்கிறது. ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் ஆகியோரின் குழு, பிறர் துன்பப்படும் காட்சிகளைக் காட்டி ஓர் ஆய்வு செய்தது. பிறர் வலியைத் தானும் உணரும் பயிற்சி பெற்றபோது, பங்கேற்றவர்களின் மனவேதனை கூடியது. அதே ஆட்களுக்குப் பிறகு கருணைப் பயிற்சி கொடுத்தபோது வேதனை தணிந்து, கனிவான உணர்வுகள் கூடின. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. நர்ஸ், ஆசிரியர், கஸ்டமர் கேர் ஊழியர் என நாள் முழுக்க அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இது முக்கியமான சேதி. ஒருவரைச் சோர்ந்துபோக வைப்பது அவருடைய கருணை அல்ல, அந்த மூழ்கல்தான்.

தருமபுரிக்கு என்ன தொடர்பு?

சங்க காலத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகத் தன் கல்வெட்டிலேயே வருத்தத்துடன் பதிவு செய்தவர் அசோகர். அவருடைய 2ஆம் பாறைக் கல்வெட்டு, தன் ஆட்சிப் பகுதியிலும் எல்லைக்கு அப்பாலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததாகச் சொல்கிறது. அந்த எல்லை நாடுகளின் பட்டியலில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரருடன் ‘சதியபுத்திரர்’ என்ற பெயரும் உண்டு. இவர்கள் யார் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் ‘சதியபுதோ’ என்று குறிப்பிடுகிறது. அதிலிருந்து சதியபுத்திரர் என்போர் அதியர் மரபினரே என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

அதே 2ஆம் கல்வெட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை வரவழைக்கப்பட்டு நடப்பட்டன. சாலையோரங்களில் கிணறுகள் வெட்டப்பட்டன, மரங்கள் வைக்கப்பட்டன. மனம் வருந்தியதோடு நிற்காமல் அசோகரின் கருணை மருந்தாகவும் தண்ணீராகவும் மாறியிருக்கிறது.

சமநிலை என்றால் சும்மா இருப்பதா?

‘எல்லாத்தையும் சமமா எடுத்துக்கோ’ என்று சொல்வது சில நேரம் அநியாயத்தைப் பொறுத்துக்கொள் என்பதாகவே ஆகிவிடும். 2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்தில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. காரணம், சாதி கடந்து நடந்த ஒரு திருமணம். வீட்டை இழந்தவரிடம் போய் ‘மனசை அமைதியா வெச்சுக்கோங்க’ என்று சொல்வது கருணை ஆகாது.

தமிழ்ப் பௌத்தம் அப்படிச் சொல்லவும் இல்லை. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிச் சாதிக்கு எதிராக எழுதினார். சமநிலை என்பது, கோபத்தில் நிலைகுலையாமல் நியாயத்தின் பக்கம் நிற்பது. இன்னொரு அர்த்தமும் உண்டு: ‘நம்ம ஆளுங்க’, ‘அவங்க ஆளுங்க’ என்ற கோட்டை அழிப்பது. அந்தக் கோட்டில் நின்றுவிடும் இரக்கம் பக்கச்சார்புதான்.

10 நிமிடத்தில் எப்படிப் பழகுவது?

புத்தகோசர் சொல்லும் வரிசையை ஒட்டி, இன்றைய வாழ்க்கைக்கு ஏற்ப இப்படிச் செய்யலாம்:

1. மூச்சு (2 நிமிடம்): முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது சற்று நீளமாக இருக்கட்டும். இதயத் துடிப்பு கொஞ்சம் நிதானப்படும்.

2. நீங்கள்: ‘நான் நலமாக இருக்க வேண்டும்’ என்று மனதுக்குள் சொல்லுங்கள். இது சுயநலம் இல்லை. நமக்கு வேண்டியதுதானே பிறருக்கும் வேண்டும் என்று புரிந்துகொள்ளும் முதல் படி.

3. உங்களுக்கு மதிப்புக்குரியவர்: உங்களை வளர்த்த பாட்டி, படிக்க வைத்த டீச்சர் என உயிரோடு இருக்கும் ஒருவரை நினைத்து அதையே சொல்லுங்கள்.

4. முன்பின் தெரியாதவர்: ஓசூர் பஸ்ஸில் தினமும் பார்க்கும் கண்டக்டர், டீக்கடையில் கிளாஸ் கழுவுபவர் போல ஒருவர்.

5. பிடிக்காதவர்: இவரிடம் கடைசியாகத்தான் வர வேண்டும். மனம் முரண்டு பிடித்தால் முந்தைய படிக்குத் திரும்பிவிடுங்கள். தப்பே இல்லை.

6. சமநிலை: ‘என்னால் முடிந்ததைச் செய்வேன், முடிவு முழுதும் என் கையில் இல்லை’ என்று சொல்லி முடியுங்கள்.

ஆழமாகக் கற்க விரும்புபவர்கள் எஸ்.என்.கோயங்கா மரபின் 10 நாள் விபாசனா முகாமில் சேரலாம். சென்னையிலும் பெங்களூருவிலும் மையங்கள் உள்ளன. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. பெரும்பகுதி நாட்கள் மௌனம்தான். 10ஆம் நாள் மௌனம் கலைந்து, மெத்தா பயிற்சி சொல்லித் தரப்படும்.

யாருக்கு எச்சரிக்கை?

கடும் மனஅழுத்தம், மனச்சிதைவு, அண்மையில் பெரிய அதிர்ச்சி ஆகியவற்றுக்கு ஆளானவர்கள் நீண்ட மௌன முகாம்களுக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். தியானம் மாத்திரைக்கு மாற்று அல்ல. மனநல உதவிக்கு ‘டெலி மானஸ்’ எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

மறுபடியும் தொப்பூருக்கு வருவோம். ‘உதவி செய்யப் போனா போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்’ என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர்களைப் பாதுகாக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

சட்டமும் திட்டமும் தயாராக இருக்கின்றன. வண்டியை ஓரம் கட்டி இறங்கும் அந்த ஒரு நொடிக்குத்தான் மனதைத் தயார்படுத்த வேண்டும். தினமும் பழகும் 10 நிமிடம் அதற்குத்தான்.