திறமையா, அதிர்ஷ்டமா?



எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "செல்போனில் சீட்டாடி ஜெயிக்கிற பையனும் மூளையைத்தானே செலவு பண்றான்? அதை ஏன் சூதுன்னு சொல்றீங்க?" நியாயமான கேள்வி. பதிலை நான் வெளியூரில் தேட வேண்டாம், இந்த ஊர் மண்ணிலேயே கிடக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவனுக்கும் சாளுக்கியர் புலிகேசிக்கும் பகை. பல்லவருடைய காசாக்குடிச் செப்பேடு என்ன சொல்லுது? மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவர்களை அழித்தான் என்கிறது. ஐஹொளேயில் இருக்கிற புலிகேசியின் கல்வெட்டு என்ன சொல்லுது? பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள்ளே ஒளிய வைத்தோம் என்கிறது. ரெண்டு பேரும் ஜெயிச்சதை மட்டும்தான் எழுதி வச்சாங்க. "நான் தோத்துட்டேன்"னு கல்லுல வெட்டி வச்ச ராஜா எங்கேயாவது உண்டாய்யா? (சிரிப்பு)

கல்லூரி விடுதியிலும் இதே கதைதான். என்னிடம் எம்.ஏ. படித்த ஒரு மாணவன், பேர் வேண்டாம், விவசாயி வீட்டுப் பிள்ளை. 2022 தொடக்கத்தில் விடுதி அறையில் கூட்டாளி காட்டிக் கொடுத்து போக்கர் ஆட ஆரம்பித்தான். 200 ரூபாய் கட்டினான். ஒரே வாரத்தில் 3,400 ரூபாய்! பதினஞ்சு பேர் வகுப்பு, எல்லாருக்கும் பிரியாணி. உண்மையைச் சொல்லிடறேன், நானும் சாப்பிட்டேன். கூட ரெண்டு துண்டு கறி கேட்டு வாங்கிக்கிட்டேன். (சிரிப்பு) "ஏதுடா காசு?"ன்னு ஒரு வார்த்தை கேட்கல. அந்தத் தப்பு என்மேல இருக்கு.

ஆட்டத்தைப் பின்னால் அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்தான். 52 சீட்டு. ஆளுக்கு ரெண்டு சீட்டு, அடுத்தவன் பார்க்கக் கூடாது. நடுவில் அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொது. இந்த ஏழில் நல்ல அஞ்சு யாரிடம் சேருதோ அவனுக்கு நடுவில் இருக்கிற பணம். இடையில் பந்தயத்தை ஏத்தலாம், பயந்தால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். எதிராளி நிஜமாவே நல்ல சீட்டு வச்சிருக்கானா, சும்மா மிரட்டறானா? அதைக் கணிக்கத் திறமை வேணும். அதை நான் மறுக்கவே இல்லை.

ஆனா கணக்கைப் பாருங்க. கைக்கு வர்ற ரெண்டு சீட்டும் ஆஸா இருக்கிறதுதான் உச்சம். அது சராசரியா 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும். அப்படி வந்தாலும், ஏதோ ரெண்டு சீட்டை வச்சுக்கிட்டுக் கடைசிவரை நிக்கிற ஒரே ஒரு எதிராளிகிட்ட 100-க்கு 15 தடவை தோத்துப் போகும். சரியா ஆடினவன் தோக்கறான், தப்பா ஆடினவன் ஜெயிக்கிறான். பரீட்சையில் சரியா எழுதினா மார்க்கு வந்துடும். இங்கே நீ கெட்டிக்காரனா இல்லையான்னு தெரியறதுக்கே ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆகணும். அதுக்குள்ளே கையில் இருக்கிறது போயிடும்.

1780 செப்டம்பரில் இதே புள்ளலூரில்தான் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்கள். திப்பு திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனா அன்றைக்கு ஆங்கிலேயருடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்ததில் குறி எவ்வளவு, நேரம் எவ்வளவு? அடுத்த வருஷமே, 1781 ஆகஸ்டில், அதே இடத்தில் மறுபடி சண்டை. முதல் வருஷத்து வெற்றி திரும்பி வரல.

என் மாணவனுக்கு இது புரியல. ஜெயிச்சா "என் திறமை", தோத்தா "இன்னிக்கு நேரம் சரியில்ல". ராத்திரி ரெண்டு மணிக்கு, விட்டதைப் பிடிக்கப் போறேன்னு பந்தயத்தை ஏத்தினான்.

இன்னொரு விஷயம். திண்ணையில் சீட்டாடினா ஒருத்தன் விட்ட காசு இன்னொருத்தன் மடியிலதான் விழும். செல்போன் ஆட்டத்தில் மூணாவதா ஒருத்தர் உட்கார்ந்திருக்கார், கம்பெனிக்காரர். அவர் சீட்டே எடுக்க மாட்டார். நடுவில் சேர்ற பணத்தில் ஒரு பங்கு அவருக்கு. கணக்குக்காகச் சொல்றேன்: 100 ரூபாய் சேர்ற ஆட்டத்தில் 5 ரூபாய் எடுத்தா, 200 ஆட்டத்தில் 1,000 ரூபாய் மேஜையை விட்டே போயிடுது. ஆறு பேர் ஆளுக்கு 500 போட்டு உட்கார்ந்தா மொத்தமே 3,000 தானே? யாருக்கு ஏற்றம் வந்தாலும் யாருக்கு இறக்கம் வந்தாலும் அவருக்கு மட்டும் ஏற்றம். (கைதட்டல்)

"நீதிமன்றமே திறமைன்னு சொல்லிடுச்சே?" என்பார் தம்பி. வாஸ்தவம். தமிழ்நாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கியது, திறமை ஆட்டம் என்று சொல்லித்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தக் கேள்வியையே ஓரமா வச்சிடுச்சு. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுற ஆட்டத்தை இணையத்தில் நடத்தக் கூடாது, அவ்வளவுதான்.

திருக்குறளில் சூதுக்குத் தனி அதிகாரமே உண்டு. முதல் குறளில் வள்ளுவர் "தோத்துடுவே, போகாதே"ன்னு பயமுறுத்தல. ஜெயிச்சாலும் வேண்டாம்கிறார், அந்த ஜெயிப்பையே தூண்டில் என்கிறார். என் மாணவனுக்கு அந்த 3,400 ரூபாய்தான் தூண்டில். நான் தின்ன கறியும் அதில் சேர்த்தி.

பரீட்சைக் கட்டணம் கட்டாமல் ஒருநாள் என்முன்னே வந்து நின்னான். ஒரு நோட்டைக் கொடுத்து, "ஜெயிச்சது, தோத்தது எல்லாம் எழுதுடா" என்றேன். ஜெயிச்சதைத் தேதியோட எழுதினான். தோத்தது நாலே வரி. பல்லவர் செப்பேடுதான்! அப்புறம் பேங்க் கணக்கை வச்சுக் கூட்டினோம். அஞ்சு மாசத்தில் கட்டினது 58,600, திரும்ப எடுத்தது 17,400. போனது 41,200. நெல்லு வித்த காசு.

"கட்டணம் கட்டிட்டியாப்பா?"ன்னு அப்பா வாராவாரம் போன்ல கேட்பாராம். "கட்டிட்டேம்பா"ன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கான். தனியா போய்ச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்ல. நானும் கூடப் போனேன். அவர் திட்டல, அடிக்கல. கொஞ்ச நேரம் வயல் பக்கம் பார்த்துக்கிட்டே நின்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "சாரு ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, சாப்பிட்டுத்தான் போகணும்"னு இலை போட்டார்.

எனக்குச் சோறு இறங்கல.

நடுவர் மணி அடிக்கிறார்.