வளர்முக மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நோயெதிர்ப்பை மாற்றும் மருந்துகளும் குருதிக் குறிப்பான்களும்

வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறிச் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலை அடைவதற்குள் வெயில் விலகிக் குளிர் சூழ்ந்துவிடும். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயுடையார் சிலருக்கு இப்பயணத்திலேயே பார்வை தெளியவும் கால்தளர்ச்சி குறையவும் கூடும். நரம்பைப் போர்த்திய மையலின் உறை சிதைந்த இடங்களில், உடல்வெப்பம் சற்று உயர்ந்தாலே மின்துடிப்பு தடைபடுகிறது, குளிர்ந்தால் மீள்கிறது. ஊட்தொஃப் 1890இல் விவரித்த இந்நிகழ்வில் நரம்பு புதிதாகச் சிதைவதுமில்லை, சிதைந்தது சீராவதுமில்லை. மலைக்குளிரில் பெற்ற நலத்தைக் கொண்டு நோய் தணிந்தது என்றோ, சமவெளிக் கோடையின் தளர்ச்சியைக் கொண்டு மருந்து பயனற்றது என்றோ முடிவுகட்ட இயலாது. நோயாளரின் உணர்வுக்கு அப்பாற்பட்ட சான்று இதனாலேயே தேவைப்படுகிறது.

அத்தகைய சான்றாக இன்று முன்வைக்கப்படுவது நியூரோஃபிலமென்ட் லைட் என்னும் புரதம். நரம்பிழையின் உட்சட்டகமாகிய இது, இழை சிதையும்போது மூளைத் தண்டுவட நீரில் கசிந்து, மிகச் சிறிதளவு குருதியையும் அடைகிறது. வயது முதிர்ந்தாலும் சிறுநீரகம் பழுதுற்றாலும் இதன் அளவு உயரும்; உடற்பருமன் மிக்கோரிடம் குறைந்து காணப்படும். ஆகவே ஒற்றை எண்ணைத் தனித்து நோக்குவது பிழை.

மருந்தால் இவ்வளவு குறைந்தால் நோயும் தணிந்ததாகுமா? நாட்டலிசுமாப் மருந்தை இரண்டாம்நிலை வளர்முக நோயுடையோர் 889 பேரிடம் சோதித்த 'அசெண்ட்' ஆய்வு (2018) இங்கு முதன்மையானது. இயலாமை முற்றியோர் போலிமருந்துக் குழுவில் 48 விழுக்காடு, மருந்துக் குழுவில் 44 விழுக்காடு. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் போதியதன்று. ஆயினும் அதே நோயாளரின் குருதியைப் பின்னர் ஆராய்ந்தபோது, மருந்து பெற்றோரிடம் நியூரோஃபிலமென்ட் அளவு தெளிவாகக் குறைந்திருந்தது. கைத்திறன் சோதனையில் மட்டும் ஓரளவு பயன் தென்பட்டது.

குருதியிலிருந்து மூளைக்குள் நுழையும் அழற்சி அணுக்களை இம்மருந்து தடுக்கிறது. அவ்வழற்சியால் விளையும் சிதைவு குறைய, குறிப்பானும் குறைகிறது. வளர்முக நிலையிலோ மூளைக்குள்ளேயே தங்கிவிட்ட அழற்சி மெல்லக் கனன்றுகொண்டிருக்கிறது. அம்மெல்லிய தேய்வை இக்குறிப்பான் போதிய அளவு காட்டுவதில்லை எனக் கொள்வதே பொருத்தம். ஆஸ்ட்ரோசைட் அணுக்களிலிருந்து வெளிப்படும் ஜிஎஃப்ஏபி என்ற புரதம் அண்மைக்காலத்தில் ஆய்வாளரை ஈர்ப்பதும் இக்காரணத்தாலேயே. 1,651 பேர் பங்கேற்ற 'எக்ஸ்பாண்ட்' ஆய்வில் சிபோனிமோட் இயலாமை முற்றும் இடரை 21 விழுக்காடு குறைத்தது உண்மை. எனினும் அது நோயின் போக்கை நிறுத்தவில்லை.

இவ்வரிய சோதனைகள் எட்டாத மலையூர்களில் கைக்கெட்டுவது வழக்கமான குருதி அணு எண்ணிக்கையே. அதிலும் மயக்கம் நேரலாம். சிபோனிமோட் லிம்போசைட் அணுக்களை நிணநீர் முடிச்சுகளில் தேக்கிவைப்பதால் குருதியில் அவற்றின் எண்ணிக்கை தாழ்கிறது. நாட்டலிசுமாப் அவற்றைக் குருதியிலேயே நிறுத்துவதால் எண்ணிக்கை உயர்கிறது. ஒக்ரெலிசுமாப் பி-அணுக்களையே அழிப்பதால், மொத்த லிம்போசைட் எண்ணிக்கை பெரிதும் மாறாமலும் இருக்கலாம். மருந்தின் பெயர் அறியாது அவ்வறிக்கையைப் படிப்பவர், எதிர்பார்த்த விளைவைத் தொற்றாகவோ எலும்பு மச்சைக் குறைபாடாகவோ கருதி மருந்தை நிறுத்திவிடக்கூடும்.