வளைவில் சாயும் கார்

காப்பாரிலிருந்து கிள்ளானுக்குக் குடும்பத்தோடு காரில் போகிறீர்கள். எதிரே லாரி! சட்டென்று ஸ்டேரிங்கைத் திருப்புகிறீர்கள். கார் ஒரு பக்கமாகச் சாய்கிறது. பின்னால் இருக்கும் பாட்டி அலறுகிறார்.

இந்தச் சாய்வை அடக்கத்தான் காரின் அடியில் ஒரு வளைந்த இரும்புக் கம்பி இருக்கிறது. ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். ஸ்வே பார் என்றும் சொல்வதுண்டு. இடது வலது சக்கரங்களை இணைக்கும் அது, கார் சாயும்போது முறுகி எதிர்த்து நிற்கும்.

பட்டறையில், “தடித்த கம்பி போடுங்கள், அண்ணே” என்பார்கள். 20 மில்லிமீட்டருக்குப் பதில் 22 போட்டால் வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். விறைப்போ ஏறத்தாழ 46 விழுக்காடு கூடிவிடும்!

அங்கேதான் வம்பு. முன்கம்பி மட்டும் விறைத்தால் கார் வளைவில் திரும்ப அடம்பிடிக்கும். பின்கம்பி அளவுக்கு மீறினால் மழைச் சாலையில் பின்பக்கம் வழுக்கும். தோட்டத்துச் செம்மண் சாலையிலோ, ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் வண்டியே குலுங்கும். 1996இல் புரோட்டோன் வாங்கிய இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் பேர்போனதே, ஸ்பிரிங், கம்பி, டயர் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தும் வித்தையில்தான்.

ஆகவே முதலில் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். ரப்பர் காய்ந்து வெடிப்பதைப் பால்மரத்தோடு வாழ்ந்த நமக்குச் சொல்லவா வேண்டும்? குழியில் ‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் அதுவோ, கம்பியின் இணைப்போதான். டயர் காற்றையும் சரிபாருங்கள். அதன்பிறகும் கம்பியை மாற்றினால், காய்ந்த சாலையில் தனியாக மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பாட்டியை ஏற்றுங்கள்.